கிறிஸ்மஸுக்கு முன் மன்னிப்பது எப்படி? கோலாலம்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் பூசுகிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம், அச்சு முறுக்குக்கு மாவு கரைக்கிறோம். யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற கணக்கு மட்டும் தூசி தட்டப்படாமல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறது. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களான திருவருகைக்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கத்தோலிக்க வழக்கத்தை ஒட்டி எழுதியிருக்கிறோம். மற்றச் சபையினருக்கு மாறுபடும் இடத்தில் அதையும் குறித்திருக்கிறோம்.

மன்னிப்பைப் பற்றித் தவக்காலத்தில்தானே பேசுவார்கள்? கிறிஸ்மஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பிறக்கப்போகும் குழந்தைக்கு இயேசு என்று பெயரிடச் சொன்ன வானதூதர், அதற்குக் காரணமும் சொல்கிறார்: தம் மக்களை அவர்களுடைய பாவங்களிலிருந்து மீட்பார் என்று (மத்தேயு 1:21). பேச்சிழந்திருந்த செக்கரியா (திருமுழுக்கு யோவானின் தந்தை) வாய் திறந்து பாடிய பாட்டிலும் பாவமன்னிப்பால் வரும் மீட்பே பேசப்படுகிறது (லூக்கா 1:77). பெயரிலேயே மன்னிப்பு இருக்கும் ஒருவரின் பிறந்தநாளுக்குத்தான் நாம் தயாராகிறோம்.

திருவருகைக்காலத்தின் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் நற்செய்தி வாசகம் திருமுழுக்கு யோவானைச் சுற்றியே வரும். "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மக்கள் அவரைக் கேட்டபோது அவர் சொன்ன பதில்களைக் கவனியுங்கள் (லூக்கா 3:10-14). இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. குறித்த வரிக்கு மேல் வாங்காதே. மிரட்டிப் பணம் பறிக்காதே. எல்லாமே கொடுக்கல் வாங்கல் கணக்கு. மன்னிப்பும் அப்படித்தான் தொடங்குகிறது.

எப்போது தொடங்க வேண்டும்?

நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று திருவருகைக்காலம் தொடங்கும். ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள் வரை நீளும். 2026-இல் நவம்பர் 29 முதல் ஞாயிறு, எனவே டிசம்பர் 24 வரை 26 நாள் கிடைக்கிறது.

முதல் வாரம் யாரிடமும் பேசவேண்டாம், எழுதினால் போதும். (எப்படி என்று கீழே இருக்கிறது.) இரண்டாம் வாரம் செபத்தில் அதை ஒவ்வொன்றாக விடுங்கள். யாரையாவது நேரில் பார்க்கவேண்டும் என்றால், இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றும் மூன்றாம் ஞாயிற்றை ஒட்டிப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையை) நான்காம் ஞாயிறுக்கு முன் முடித்துவிடுங்கள். கடைசி மூன்று நாளில் வரிசை நீண்டுவிடும், நிதானமாகப் பேச நேரம் கிடைக்காது. 23-ஆம் தேதி இரவு கேக் ஒருபக்கம், சமையல் ஒருபக்கம் என்று இருக்கும்போது பத்து வருடப் பகையைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கூட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

இன்னொன்று. ஓராண்டுக்கு ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர். பட்டியலில் இருக்கும் எல்லோரையும் ஒரே டிசம்பரில் மன்னிக்கப் புறப்பட்டால் பொதுவாக "எல்லாரையும் மன்னித்துவிட்டேன்" என்ற சொல்தான் மிஞ்சும்.

மன்னிப்பது என்றால் சரியாக என்ன செய்கிறோம்?

பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தருடைய செபத்தின் அந்த வரி இப்படி இருக்கும்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" (மத்தேயு 6:12). கத்தோலிக்கர் இப்போது "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை" என்று சொல்கிறோம். கடன் என்ற அந்தப் பழைய சொல்லை விட்டுவிடாதீர்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் நமக்குத் தவறு செய்தால் நமக்கு ஏதோ ஒன்று வரவேண்டியிருக்கிறது: பணம், மரியாதை, ஒரு விளக்கம், இழந்துபோன வருடங்கள். அதை இனி அவரிடம் வசூலிக்கமாட்டேன் என்று கடவுள் முன்னால் முடிவெடுப்பதே மன்னிப்பு.

இரக்கமற்ற பணியாளன் உவமையில் (மத்தேயு 18:23-35) அரசன் முதலில் செய்வது கணக்குப் பார்ப்பது. எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் தள்ளுபடி செய்கிறான். அவன் தள்ளியது பதினாயிரம் தாலந்து. அந்தப் பணியாளனுக்குச் சக ஊழியன் தரவேண்டியிருந்தது நூறு தெனாரியம். பழைய மொழிபெயர்ப்பு அதை "நூறு வெள்ளிப்பணம்" என்று சொல்வதால், ரிங்கிட்டை வெள்ளி என்று அழைக்கும் நம்மூரில் சிலர் நூறு ரிங்கிட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. மாதம் 1,700 வெள்ளி என்ற இன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால் நூறு நாள் கூலி சுமார் 6,500 வெள்ளி. தாலந்து ஒன்றுக்கு ஏறக்குறைய 6,000 தெனாரியம் என்று வைத்தால் அரசன் தள்ளியது 390 கோடி வெள்ளி.

6,500 வெள்ளி சின்னத் தொகை இல்லை. உங்கள் காயம் ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது பெரியதுதான், ஆனால் நமக்குத் தள்ளுபடியானது அதைவிட ஆறு லட்சம் மடங்கு பெரியது என்கிறார். "பரவாயில்லை, விடுங்க" என்று சொல்லிக் கணக்கே பார்க்காமல் போகிறவர்களுக்கு மூன்று மாதம் கழித்து அதே கோபம் திரும்பி வருவது இதனால்தான். எவ்வளவு தள்ளுபடி செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கணக்கை எப்படி எழுதுவது?

அஞ்சலட்டை அளவுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். கைப்பேசியில் எழுதவேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தவறிப் போய்விடும் ஆபத்து உண்மையானது. நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யார், என்ன செய்தார், அதனால் எனக்கு நேர்ந்தது என்ன, பதிலுக்கு நான் செய்தது என்ன. மாதிரிக்கு ஒன்று:

"அண்ணன். செந்தூல் வீட்டை விற்ற காசில் என் பங்கு 18,000 வெள்ளி தரவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க நகையை அடகு வைத்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் அவன் மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. போனவர்களிடம் அவனைத் திருடன் என்று சொன்னேன்."

இவ்வளவுதான். "எப்பவுமே என்னை மதிக்கமாட்டான்", "அண்ணிதான் எல்லாத்துக்கும் காரணம்" போன்ற வரிகள் வந்தால் அடித்துவிடுங்கள். அளவில்லாத கடனை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது. "எப்பவுமே" என்று எழுதத் தோன்றும் இடத்தில் தேதி தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். நான்காவது பகுதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டியது.

இரண்டாம் வாரத்தில் தாளை எடுத்து, முதல் மூன்று பகுதியில் உள்ள ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, "ஆண்டவரே, இதை இனி அவரிடம் கேட்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்ல வராத வரி இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாரம் திரும்புங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள். முடிந்ததும் தாளைக் கிழித்துவிடலாம். சிலர் மடித்துக் குடிலின் வைக்கோலுக்கடியில் வைப்பார்கள். அழகான பழக்கம், ஆனால் பெயர் இல்லாத தாளாக இருக்கட்டும். குடிலைப் பிள்ளைகளும் விருந்தாளிகளும் தொடுவார்கள்.

மன்னித்தோமா என்று சோதித்துப் பார்க்க எளிய வழி: அந்தக் கதையை மூன்றாவது ஆளிடம் சொல்வதை நிறுத்திவிட்டோமா?

மன்னித்தால் மறக்கவும் வேண்டுமா?

வேண்டாம். காயத்தை உணராமல் இருப்பதோ அதை மறப்பதோ நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது (எண் 2843). தூய ஆவியாருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் உள்ளம் அந்தக் காயத்தை இரக்கமாகவும், மற்றவருக்கான மன்றாட்டாகவும் மாற்றுகிறது என்பது அதன் தொடர்ச்சி.

மன்னித்துவிட்டேன், ஆனால் அவர் பெயரைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. என் மன்னிப்பு பொய்யா?

பொய் இல்லை. முடிவு எடுத்த அன்றே உணர்ச்சி அடங்கிவிடாது. எழுபது தடவை ஏழு முறை என்று இயேசு பேதுருவிடம் சொன்னதைப் பலர் 490 தனித்தனித் தவறுகளாக எண்ணுகிறார்கள். ஒரே தவறை 490 முறை மன்னிக்கவேண்டியவர்களும் உண்டு. எரிச்சல் வரும்போது அவருடைய நன்மைக்காக ஒரேயொரு அருள்நிறை மரியே, அல்லது உங்கள் சபை வழக்கப்படி ஒரு சிறு செபம், பெயரைச் சொல்லிச் செய்யுங்கள். "அவனைத் திருத்தும் ஆண்டவரே" என்று வேண்டுவது இதில் சேராது. அவர் உடல்நலம், அவர் பிள்ளைகள், அவர் வேலை என்று வேண்டுங்கள்.

மன்னித்தால் பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள்ளவேண்டுமா?

மன்னிப்பதற்கு ஒருவர் போதும், உறவைச் சீர்செய்ய இருவர் வேண்டும். முதலாவது உங்கள் கடமை. இரண்டாவதற்கு மற்றவர் உண்மையை ஒப்புக்கொண்டு மாறவேண்டும். பவுல் "கூடுமானால், உங்களால் ஆனமட்டும்" என்று அளவு வைத்துத்தான் சமாதானமாயிருக்கச் சொல்கிறார் (உரோமையர் 12:18).

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981 மே 13-இல் சுடப்பட்டார். நான்கே நாளில், மே 17 அன்று, மருத்துவமனையிலிருந்து ஒலிபரப்பான செய்தியில் சுட்டவரை மன்னித்ததாகச் சொன்னார். 1983-இல் கிறிஸ்மஸ் முடிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 27 அன்று, ரோமின் ரெபிபியா சிறைக்குப் போய் தம்மைச் சுட்ட மெஹ்மெத் அலி ஆஜாவின் அருகில் உட்கார்ந்து பேசினார். ஆனால் அலி ஆஜா இத்தாலியச் சிறையிலிருந்து வெளிவந்தது 2000-ஆம் ஆண்டில்தான். மன்னிப்பு நான்காம் நாளில் நடந்தது, இத்தாலியச் சிறைவாசம் பத்தொன்பது ஆண்டு நீடித்தது. ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை. மன்னிப்பது என்றால் பணத்தையும் விட்டுவிடவேண்டுமா?

கட்டாயமில்லை. பணத்தைக் கேட்பதாக இருந்தால், தாளில் அந்த வரியில் விடுவது பகையைத்தான், பணத்தை இல்லை. விட்டுவிடலாம், தவணை பேசலாம், சட்டப்படியும் கேட்கலாம். மூன்றையும் பகையில்லாமல் செய்ய முடியும். எதைச் செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் மாதம் எண்ணுவதுதான் உறவைக் கெடுக்கிறது. விட்டுவிடுவதாக இருந்தால், "அந்த 3,000 வெள்ளி இனி வேண்டாம்" என்று தொகையோடு சொல்லுங்கள். தவணை என்றால் தொகையையும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

"கிறிஸ்தவனாக இருந்துகொண்டு எப்படிக் கேட்பது" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றை அறியவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுதான். அது முடிந்த பிறகு, மன்னித்ததாகவும் இல்லாமல் பணமும் வராமல் கசப்பு மட்டும் மிஞ்சும். கூட்டு (சீட்டு) பிடித்த பணம் என்றால் சிக்கல் வேறு. கூட்டு நடத்தும் தொழிலையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, எனவே பேசித் தீர்ப்பதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

கணவர் அடிக்கிறார். கிறிஸ்மஸுக்காக மன்னித்து வீட்டுக்குத் திரும்பு என்கிறார்கள்.

திரும்பவேண்டாம். முதலில் பாதுகாப்பு. அடிப்பது நடந்து முடிந்த தவறு இல்லை, நடந்துகொண்டிருக்கும் தவறு. அதை நிறுத்துவதுதான் அவருக்கும் நன்மை. 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசாங்க உதவி எண்ணுக்கு அழையுங்கள். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் சிகிச்சை, மருத்துவ அறிக்கை, உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், சமூகநல அதிகாரி ஏழு நாளுக்கான அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரமுடியும். போலீஸ் ரிப்போர்ட் செய்தபின் விசாரணை முடியும்வரைக்குமான இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கோவிலில் யாராவது, பங்குப் பேரவை உறுப்பினரே ஆனாலும், ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். மன்னிப்பின் பெயரால் ஒரு பெண்ணை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவது நற்செய்தி இல்லை. பாதுகாப்பான இடத்தில், எத்தனை வருடம் ஆனாலும், அவள் வேகத்தில் மன்னிப்பு வரட்டும். பிள்ளைகள் மீது நடக்கும் எந்த வன்முறைக்கும் இதே பதில்தான்.

தவறு செய்தவன் நான். எப்படிப் போய்க் கேட்பது?

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் பகுதியைக் கூர்ந்து வாசியுங்கள் (மத்தேயு 5:23-24). உனக்கு யார்மேல் கோபம் என்று அது கேட்கவில்லை. உன்மேல் யாருக்கு மனத்தாங்கல் என்று கேட்கிறது.

முதலில் கைப்பேசியில் அழைத்து, பத்து நிமிடம் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். இடம் அவருக்கு வசதியானதாக இருக்கட்டும். சந்தடி குறைந்த நேரத்தில் ஒரு மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டே பேசலாம். கிறிஸ்மஸ் விருந்தன்று, பத்துப்பேர் நடுவில் வேண்டாம். அது அவரை மறுக்க முடியாத இடத்தில் நிறுத்துகிறது. பேசுவதைச் சுருக்கமாகப் பேசுங்கள்: "அத்தை, போன வருஷம் உங்க மகளைப் பத்தி நான் சொன்னது பொய். அதனால சம்பந்தம் நின்னுபோச்சு. யார்கிட்ட சொன்னேனோ அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லப் போறேன். என்னை மன்னிச்சிடுங்க." செய்தது, அவருக்கு நேர்ந்தது, நான் சரிசெய்யப்போவது, வேண்டுகோள். "ஆனா நீங்களும்" என்று வாயில் வந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த ஒரு சொல் முன்னால் சொன்னதையெல்லாம் அழித்துவிடும். பதிலை அன்றே எதிர்பார்க்காதீர்கள்.

ஹரி ராயாவுக்கு நம் மலாய் அண்டை வீட்டார் மாஃப் ஸாஹிர் டான் பாத்தின் என்று கைபிடித்து மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறோம். எத்தனையோ பேர் அதை நேரில், பெரியவர்கள் முன் உட்கார்ந்து கேட்கிறார்கள். "தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த தவறுகளை" என்று நட்சத்திரப் படத்தோடு எல்லோருக்கும் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி அந்த வேலையைச் செய்யாது. அதைப் பெறுகிறவருக்கு, தன்னிடம் செய்த தவறு அனுப்பியவர் நினைவில் இருக்கிறதா என்பதே தெரியாது.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. நானாகப் போய் "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லலாமா?

வேண்டாம். தான் தவறே செய்யவில்லை என்று நினைப்பவரின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். கிறிஸ்மஸ் கேக்கோடு போய் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள், போதும்.

இறந்துபோன அப்பாவை எப்படி மன்னிப்பது?

அதே தாள்தான். அவரிடமே பேசுவதுபோல எழுதுங்கள்: "அப்பா, நீங்கள் குடித்துவிட்டு வந்த இரவுகளில்..." என்று. கல்லறைக்குப் போய் வாசிக்கலாம். கிறிஸ்மஸுக்கு முன் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகும் நாள் அதற்கு ஏற்றது. கத்தோலிக்கர் அவர் பெயரில் பூசைக் கருத்து கொடுக்கலாம். பல வீடுகளில் இறந்தவர் மேலுள்ள கோபம் உயிரோடிருக்கும் அம்மாமேல் விழுந்துகொண்டிருக்கும். அப்பாவின் கணக்கை எழுதும்போது, அம்மாவிடம் எதை வசூலித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது?

உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். மாமியார் செய்ததைப் பத்து நிமிடம் விவரித்துவிட்டுத் தன் பாவத்தைச் சொல்லாமலே எழுந்துவரும் தவறு எல்லா மொழியிலும் நடக்கிறது. "அண்ணனோடு நான்கு ஆண்டாகப் பேசவில்லை. ஐந்தாறு பேரிடம் அவரைப் பற்றித் தவறாகப் பேசினேன். அவர் தொழில் நொடிக்கவேண்டும் என்று விரும்பினேன்." இப்படி, என்ன, எத்தனை முறை என்று சொன்னால் போதும். அவர் பெயர் தேவையில்லை. நீங்கள் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் குருவுக்கு உரிமை இல்லை.

திருவருகைக்காலத்தில் பல பங்குகளில் பொது ஒப்புரவு வழிபாடு வைத்து, சில குருக்களை வரவழைத்துத் தனித்தனியே பாவ அறிக்கை கேட்பார்கள். தேதி பங்கு மடலில் வரும். எந்தக் குருவுக்குத் தமிழ் தெரியும் என்று வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளத்தில் உள்ளது தாய்மொழியில்தான் முழுதாக வரும். புடு புனித அந்தோணியார் கோவில் போலத் தமிழ் மக்கள் கூடும் கோவில்களில் அது எளிது.

லூத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் ஆராதனையில் பாவ அறிக்கை பொதுவாகச் சொல்லப்படுகிறது. தனியே பேசவேண்டும் என்றால் திருவிருந்துக்கு முந்திய வாரத்தில் சபைப் போதகரிடம் நேரம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு?

"சாரி சொல்லு" என்று பிடித்துத் தள்ளாதீர்கள். என்ன செய்தாய், அவனுக்கு எப்படி இருந்திருக்கும், எப்படிச் சரிசெய்வாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பிள்ளையிடம் நீங்கள் கத்திய நாளில் அதே இரவு போய் மன்னிப்புக் கேளுங்கள்.

24-ஆம் தேதி இரவு வந்துவிட்டது. இன்னும் மனம் இறங்கவில்லை. நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

வேதனை ஒன்று, வெறுப்பு வேறு. ஒருவருக்குப் பெரிய கேடு வரவேண்டும் என்று தெரிந்தே விரும்புவது சாவான பாவம், அதற்கு முதலில் பாவசங்கீர்த்தனம் வேண்டும். மன்னிக்க விரும்பியும் முடியாமல் தவிப்பவர் அந்த நிலையில் இல்லை. "மன்னிக்க மனம் தாரும்" என்ற வேண்டுதலோடு அவர் நற்கருணை வாங்க வரலாம். சந்தேகம் இருந்தால் திருப்பலிக்கு முன் குருவிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நள்ளிரவுத் திருப்பலியில் "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை" என்ற இடம் வரும்போது அவர் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். சமாதான வாழ்த்தின்போது அவர் இரண்டு வரிசை தள்ளி நின்றால், திரும்பிக் கைகூப்புங்கள். அவர் பார்க்காமல் போனாலும் பரவாயில்லை. நாள் முடிந்துபோய்விடவில்லை, கிறிஸ்து பிறப்புக்காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஜனவரிக்குள்ளும் நீள்கிறது. 26-ஆம் தேதி புனித ஸ்தேவான் திருநாள், தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காக மண்டியிட்டு மன்றாடியவர் (திருத்தூதர் பணிகள் 7:60). புள்ளி வைத்த வரிகள் மிஞ்சியிருந்தால் அன்று காலை தாளை மறுபடி எடுங்கள்.